பென்சில் கோட்டுக்குள் பூசணம்

சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கிய அன்று, ஷிப்நாத் சமாத்தார் ஒரு மண்சட்டி நிறைய ரசகுல்லாவும் வாங்கி வந்தார். மனைவி காஜரிக்கு இரண்டு, எட்டு வயது மகள் ஜினுக்குக்கு இரண்டு, தனக்கு நான்கு என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த கேதாருக்குக் கொடுத்தனுப்பினார். உத்தரவே கேதாருக்கு எதிராக வாங்கியதுதான். அதனால் என்ன, சொந்தப் பெரியப்பா மகன் இல்லையா? வடக்குக் கல்கத்தாவில் சொந்தக்காரன் மேல் வழக்குப் போடலாம், தப்பில்லை. இனிப்பு கொடுக்காமல் இருந்தால்தான் தெரு சிரிக்கும்.

அந்த மாடி அறை ஒரு காலத்தில் தாத்தாவின் பாட்டுக் கூடமாக இருந்தது. அவருடைய மகன்கள் இருவரும் பேச்சை நிறுத்திய வருஷம் நடுவில் ஒரு சுவர் எழுந்தது. தெற்குப் பாதி கேதாருக்கும் வடக்குப் பாதி ஷிப்நாத்துக்கும் வந்து சேர்ந்தன. இந்த வருஷம் சித்திரை வெயிலில் புழுங்கிப் போன கேதார், சுவரின் உச்சியில் ஒரு சாண் அளவுக்குக் காற்றுத் துவாரம் போடலாமே என்று ஆரம்பித்தார். "என் பக்கத்துத் தெக்குக் காத்து உனக்கும் வரும் ஷிபு" என்று சொல்லிப் பார்த்தார். "இன்னைக்குக் காத்து வரும், நாளைக்குக் கதவு வரும், நாளான்னைக்கு உங்க கட்டில் வரும் கேதார்தா" என்று அண்ணன் முறை வைத்தே சொல்லிவிட்டு ஷிப்நாத் வக்கீலைப் பார்க்கப் போனார்.

உத்தரவில் இருந்தது இவ்வளவுதான். வழக்கு முடியும்வரை சுவர் இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

ஆடி மழையில் மொட்டைமாடித் தண்ணீரைக் கீழே இறக்கும் இரும்புக் குழாய் விரிசல் விட்டது. சுவர் கட்டும்போது அந்தக் குழாயைச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசியிருந்தார்கள். முதலில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. ஒரு வாரத்தில் அது கட்டிலின் தலைமாட்டு உயரத்துக்கு வந்தது. பிறகு அதன்மேல் பூசணம் பூத்தது, நடுவில் கறுப்பாகவும் ஓரத்தில் பச்சையாகவும். காஜரி ஈரத்துணியும் வாளியுமாகப் போய் நின்றாள். ஷிப்நாத் கட்டிலிலிருந்து குதித்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன பண்றே நீ?"

"பாத்தா தெரியலையா, தொடைக்கிறேன்."

"கோர்ட் சுவர் அது. தொட்டா உள்ள தள்ளிடுவாங்க."

"நான் சுவரைத் தொடல, பூசணத்தைத் தொடறேன்."

"சுவர்மேல இருக்கறதெல்லாம் சுவர்தான். வக்கீலைக் கேட்டுட்டு வரேன், அதுவரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காரு."

வக்கீல் அதையேதான் சொன்னார். தொடாதீர்கள், ஆனால் பதிவு செய்துவிடுங்கள், நாளைக்கு இந்தப் பூசணத்தை நீங்கள்தான் வளர்த்தீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடக் கூடாது என்றார். மனுப் போட்டார்கள். ஆவணி பிறந்ததும் கோர்ட் நியமித்த கமிஷனர் வந்து சேர்ந்தார். பெயர் நந்தலால் பாபு. அறுபத்தைந்து வயது வக்கீல். ஆவணிப் புழுக்கத்திலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, காஜரி கொடுத்த டீயைக் குடித்து, பூசணத்தை அரைமணி நேரம் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் காஜரியை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. பிறகு எழுந்து அதன் விளிம்பைச் சுற்றி ஒரு பென்சில் கோடு இழுத்தார். இருந்தபடியே எழுத ஆரம்பித்தார்.

நீளம், அகலம், தரையிலிருந்து உயரம் மூன்றும் முதல் மூன்று இனங்கள். நான்காவது நிறம். ஐந்தாவது, தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகிறது. ஆறாவது, ஈரச் சாக்கு வாசனை. அந்த நேரம் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜினுக் இரும ஆரம்பித்தாள். பத்து நாளாகவே இருமல் இருந்தது. நிற்கட்டும் என்று நந்தலால் பாபு பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். நிற்கவில்லை. மனுஷர் கண்ணில் பட்டதை விடாமல் எழுதுகிறவர். ஏழாவது இனம்: அறையில் ஒரு பெண் குழந்தை, ஓயாத இருமல்.

அதே போலக் கேதார் பக்கமும் போய் ஒரு கோடு இழுத்து ஒரு பட்டியல் எழுதினார். அன்றிலிருந்து பூசணம் வழக்கில் ஒரு தஸ்தாவேஜாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குக் கேதார் அளவு நாடாவோடு வருவார். ஜினுக் பெரியப்பாவை "ஜேட்டு" என்று கூப்பிட்டபடி ஓடிப் போய் அவர் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக்கொள்வாள். அவர் டீயும் பிஸ்கட்டும் முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அளப்பார். பிறகு ஷிப்நாத் அந்தப் பக்கம் போய், கேதாரின் மனைவி சுரபி கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு அங்கே அளப்பார். பூசணம் ஒரு விரற்கடை கோட்டைத் தாண்டிய வாரம் கேதாரின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அடுத்த வாரம் அங்கே தாண்டியது, இங்கிருந்து நோட்டீஸ் போனது. இரண்டு நோட்டீஸும் ஒரே தபால்காரர் கையால், ஒரே வாசற்படி வழியாகத்தான் உள்ளே வந்தன.

ஜினுக்கின் இருமலுக்கு எந்தக் கோடும் இல்லை. பள்ளிக்கூடத்தில் குறைந்தது, வீட்டுக்கு வந்ததும் ஏறியது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. குளிர் தாக்கிவிட்டது என்று ஷிப்நாத் தீர்ப்புச் சொல்லி, முப்பத்தைந்து டிகிரி வெயிலில் அவள் தலையில் மங்கி குல்லாவை மாட்டி, ஜன்னல்களைச் சாத்தினார். தெருமுனை ஹோமியோபதி டாக்டர், குழந்தைக்கு உப்புப் பிடிக்குமா, தனியாக இருந்தால் அழுமா, இடது பக்கம் திரும்பிப் படுக்குமா என்று முக்கால் மணி நேரம் விசாரித்துவிட்டு வெள்ளை உருண்டைகளைக் கொடுத்தார். ஜினுக் அவற்றை ஆசையாகச் சாப்பிட்டாள். இனிப்பாக இருந்தன, அவ்வளவுதான்.

காஜரி யாரிடமும் சொல்லாமல் அவளை நெஞ்சு டாக்டர் ரெஹானாவிடம் கூட்டிப் போனாள். டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே கேட்டார்.

"வீட்ல ஈரச் சுவர் இருக்கா?"

"இருக்கு."

"பூசணம்?"

"அது கோர்ட்ல இருக்கு டாக்டர்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். காஜரி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"இங்க பாருங்க, வழக்கு கோர்ட்ல இருக்கலாம். பூசணத்துத் தூள் இவ மூச்சுக்குழாய்ல இருக்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போகுது, குழாய் சுருங்குது. இந்த பம்ப் மருந்தைக் கொடுங்க, மூச்சு விடுவா. ஆனா சுவர் அப்படியே இருந்தா மருந்தும் அப்படியே தொடரும், குளிர்காலத்துல அதுவும் போதாமப் போகும். குழந்தையை வெளிய அனுப்பிட்டுத் தொடைங்க. மூக்கை, கண்ணை மூடிக்கணும். காய்ஞ்ச துணியால தட்டாதீங்க, பறக்கும். முதல்ல சோப்புத் தண்ணி, நல்லா அலசிட்டு, அப்புறம் ப்ளீச்சிங் கரைசல். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். தொடைக்க முடியலேன்னா ரூமை மாத்துங்க."

ரூமை மாற்றுவது பற்றிக் காஜரி பேச்செடுத்ததுமே ஷிப்நாத் குரலைத் தாழ்த்தினார். "நாம வெளிய கால் வச்ச மறுநாள் கேதார்தா உள்ள கட்டில் போட்டுடுவார். அப்புறம் இந்தப் பாதியும் போச்சு. ஜினுக்குக்கு நான் வேற என்னத்தை விட்டுட்டுப் போகப் போறேன், சொல்லு?"

"மொதல்ல ஜினுக் இருக்கணுமே" என்றாள் காஜரி. ஷிப்நாத் ஜன்னல் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

பொல்லாத மனுஷர் இல்லை அவர். மகள் இருமும்போதெல்லாம் எழுந்து போய் முதுகைத் தடவுகிறவர்தான். ஆனால் இதற்கு முன்னும் பாக வழக்குகளுக்காகப் பதினோரு வருஷம் கோர்ட் படி ஏறியதில், எது தாளில் இருக்கிறதோ அதுதான் உலகத்தில் இருக்கிறது என்று ஆகிவிட்டது அவருக்கு. எட்டு வயதுக் குழந்தையின் மூச்சுத் திணறலுக்கு எந்தத் தாளிலும் பரிகாரம் கேட்கப்படவில்லை.

புரட்டாசி நடுவில் மழை விட்டது. பூசணம் காய்ந்து ஓரத்தில் வெளிறியது. அப்பாடா என்று காஜரி நினைத்துக்கொண்டிருந்தபோது கேதார் ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு, "அரை அங்குலம் கொறையுது ஷிபு. எங்க வக்கீல் கேப்பார்" என்று சொல்லிவிட்டுப் பிஸ்கட்டைக் கடித்தார். மறுநாள் காலையில் காஜரி சமையற்கட்டிலிருந்து வந்தபோது, ஷிப்நாத் அவர்களுடைய கல்யாணத்துப் பன்னீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டாரை வரவேற்கிற மாதிரி, பூசணத்தின் ஓரத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் ஜினுக் மருந்துக் குழலை வாயில் வைத்துக் கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தாள்.

காஜரி திரும்பிச் சமையற்கட்டுக்குள் போனாள். அந்தச் செம்பை அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம் என்று பல நாள் கழித்தும் அவளுக்குத் தோன்றியது.

அன்று மத்தியானம்தான் அவள் அதைக் கவனித்தாள். ஜினுக் மூன்று தடவை இருமினால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு இருமல் கேட்டது. வாயைப் புடைவையால் பொத்திக்கொண்டு இருமும் சத்தம். கேதார் அந்த நேரத்தில் ஆபீசில் இருப்பார். சுரபிதான் அது.

துர்கா பூஜைக்குக் கோர்ட்டை ஒரு மாதம் மூடினார்கள். தசமியன்று அம்மனை ஆற்றுக்கு வழியனுப்பிவிட்டால் பிறகு விஜயா. பகையாளியானாலும் கட்டித் தழுவ வேண்டும், பெரியவர் காலைத் தொட வேண்டும், தேங்காய் உருண்டை தின்ன வேண்டும். வழக்குப் போட்டவர்களுக்கும் விலக்கு கிடையாது. ஏகாதசி மத்தியானம் ஷிப்நாத்தும் கேதாரும் ஜினுக்கை நடுவில் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, தெருவிலுள்ள பெரியவர்களையெல்லாம் பார்த்துவரக் கிளம்பினார்கள். பதினாறு வீடு. வீட்டுக்கு வீடு இனிப்பு. எப்படிப் போனாலும் மூன்று மணி நேரம் ஆகும்.

காஜரி தேங்காய் உருண்டைத் தட்டோடு அந்தப் பக்கம் போனாள். சுரபியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வகிட்டில் முந்தின நாள் பெண்கள் ஒருவருக்கொருவர் பூசி விளையாடிய செந்தூரம் இன்னும் அப்பியிருந்த சுரபி, அவளைத் தூக்கி நிறுத்தி, வாயில் ஒரு சந்தேஷ் இனிப்பைத் திணித்துவிட்டு, அடுத்த நிமிஷம் இருமினாள்.

"எத்தனை நாளா தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் காஜரி.

"மெதுவாப் பேசு. உங்க கேதார்தாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா இதையும் ஒரு மனுவாப் போடுவார், உங்க பூசணத்தால என் பொண்டாட்டி இருமறான்னு."

"எங்க வீட்டுல இருக்கறவர், உங்க பூசணத்தால எங்க பூசணம் கொறையுதுன்னு போடப் போறார்."

சுரபி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. காஜரி டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். சுரபி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"தொடைச்சிடலாம். ஆனா என்னைக் கேப்பார். அம்மன் மேல சத்தியம் பண்ணச் சொல்வார். பொய்ச் சத்தியம் என்னால முடியாதும்மா, வருஷம் பொறந்த மாதிரி நாளு."

காஜரி கொஞ்சம் யோசித்தாள். "நீங்க எங்க சுவருக்குப் போங்க தீதி. நான் இங்க தொடைக்கிறேன். நம்ம சுவரை நாம தொடலைன்னு ரெண்டு பேரும் நிம்மதியா சத்தியம் பண்ணலாம்."

சுரபி அவளைக் கண்கொட்டாமல் பார்த்தாள். "உன்னையில்ல கோட்டுப் போட்டு கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கணும்."

மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டு, ஜினுக் ஹோலிக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கண்ணாடியை ஒருத்தியும், கேதார் வீட்டில் விட்டுப் போன மூக்குக் கண்ணாடியை மற்றவளும் போட்டுக்கொண்டு, சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று தேய்த்தார்கள். சோப்பு, தண்ணீர், மறுபடி தண்ணீர், பிறகு ப்ளீச்சிங். ஒருத்தி தேய்க்கிற சத்தம் மற்றவளுக்குக் கேட்டது. துணிகளைப் பொட்டலமாகக் கட்டித் தெருக்கோடிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, ஆளுக்கொரு டீ குடித்தார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து, பதினாறு வீட்டு இனிப்பை வயிற்றில் தாங்கிக்கொண்டு வந்த ஷிப்நாத், சுவரைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பென்சில் கோட்டுக்குள் வெறும் வெள்ளை. கீழ் ஓரத்தில் மட்டும் செந்தூரம் பட்ட ஒரு விரல் தடம்.

"காஜரி. நம்ம சுவரை நீ தொட்டியா?"

"தொடல. மா துர்கா மேல ஆணை."

அவள் முகத்தில் அப்பழுக்கில்லாத உண்மை இருந்தது. அவர் நம்பினார். "அப்ப கேதார்தா ஆள் வச்சுப் பண்ணின வேலை இது. என்னை உள்ள தள்ள ஏற்பாடு பண்ணிட்டார்" என்றார் மெல்லிய குரலில். சுவருக்கு அந்தப் பக்கத்தில் கேதாரும் தலையில் கை வைத்துக்கொண்டு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சத்தம் போட இருவராலும் முடியவில்லை. போட்டால் தன் சுவர் வெளுத்திருப்பது வெளியே தெரிந்துவிடும். அதனால் அடுத்த நாலு நாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோதெல்லாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குசலம் விசாரித்தே களைத்துப் போனார்கள். அந்த ஞாயிறு அளக்கவும் யாரும் வரவில்லை.

ஐந்தாம் நாள் ஷிப்நாத் சிலை செய்கிறவர்கள் குடியிருக்கும் குமார்டுலிக்குப் போய் ஜோகேன் பாலைக் கூட்டி வந்தார். அம்மன் சிலைக்குக் கண் திறக்கிற கை அவருடையது. பூஜை முடிந்து ஓய்வாக இருந்தார். கமிஷனர் அறிக்கையின் நகலை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"பூசணம் நான் இதுவரைக்கும் பண்ணினதில்ல பாபு. இதுக்கு முகபாவம் என்ன, ரௌத்திரமா, சாந்தமா?"

"சாந்தம். வழக்கு முடியறவரைக்கும் சாந்தமா இருக்கணும்."

மூன்று நாள் வேலை. கறுப்புக்கு மேல் கறுப்பு, ஓரத்தில் பாசிப் பச்சை, பிசுக்குக்கு வார்னிஷ், பஞ்சை நுணுக்கி ஒட்டி மயிர் மயிராக ஒரு விளிம்பு. முடித்துவிட்டு ஜோகேன் பால் பத்தடி பின்னால் போய்க் கைகூப்பி நின்றார், பழக்கதோஷம். பழைய பூசணத்தைவிட இது பூசணமாக இருந்தது. நாலாம் நாள், அதே சாயப் பெட்டியோடு ஜோகேன் பால் கேதார் வீட்டுக்குள் நுழைவதைக் காஜரி சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பருப்பைக் கிளறினாள்.

இதற்கிடையில் இங்கே வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஜினுக் தூங்கினாள். முதல் வாரம் இருமல் பாதியானது. இரண்டாம் வாரம் விசில் நின்றது. ஒரு நாள் காலையில் அவள் மாடிப்படியைக் கீழிருந்து மேல்வரை நிற்காமல் ஓடி ஏறி வந்து, "மா, நடுவுல உக்காரல" என்று சொன்னபோது, காஜரி திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருந்துக் குழலை வேண்டும்போது மட்டும் எடுத்தால் போதும் என்று டாக்டர் சொன்னார்.

கார்த்திகையில் கோர்ட் திறந்ததும் நந்தலால் பாபு மறுபடி வந்தார். மப்ளர் இப்போது காலத்துக்குப் பொருத்தமாக இருந்தது. இரண்டு தரப்பு வக்கீல்கள், கேதார், டீத் தட்டோடு சுரபி, எல்லோரும் அறையில் கூடினார்கள். நந்தலால் பாபு பழைய அறிக்கையை ஒவ்வொரு இனமாகச் சத்தம் போட்டு வாசித்து அளந்தார்.

"நீளம் சரி. அகலம் சரி. உயரம் சரி. நிறம்..." குனிந்து பார்த்தார். "சரி. போன தடவையைவிடத் தெளிவாவே இருக்கு." விரலால் தொட்டார். "பிசுக்கு சரி." மூக்கை உறிஞ்சினார். "வாசனை சரி." கட்டிலுக்கு அடியில் ஷிப்நாத் நனைத்து வைத்திருந்த சாக்கு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

ஷிப்நாத்துக்கு மூச்சு வந்தது. இனிப்பு எடுக்கக் காஜரிக்கு ஜாடை காட்டினார்.

"ஏழு" என்றார் நந்தலால் பாபு. "அறையில் ஒரு பெண் குழந்தை, ஓயாத இருமல்."

எல்லோரும் ஜினுக்கைப் பார்த்தார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். நந்தலால் பாபு பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஏழாவது இனம் இல்லையே சார்" என்றார் கேதாரின் வக்கீல். "நெலமை மாறியிருக்கு. சுவர்ல ஏதோ பண்ணியிருக்காங்க. பதிவு பண்ணுங்க."

ஷிப்நாத் மகள் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"ஜினுக், கொஞ்சம் இருமும்மா."

குழந்தை அப்பாவைப் பார்த்தாள். இதுவரை இருமாதே, இருமாதே என்று மட்டுமே கேட்டிருந்தவள். வாயில் கை வைத்து, க்கும் என்றாள்.

"பழைய மாதிரி இல்லையே" என்றார் நந்தலால் பாபு நேர்மையாக.

"இன்னும் கொஞ்சம் அடியிலேர்ந்தும்மா. ஆவணி மாசம் இருமினியே, அந்த மாதிரி. ஞாபகம் இருக்கில்ல?"

ஜினுக் மூச்சை இழுத்தாள். முகம் சிவக்க முயன்றாள். "வரலப்பா" என்றாள். சொன்னதைச் செய்ய முடியாத குழந்தையின் வெட்கம் அவள் கண்ணில் தளும்பியது. ஷிப்நாத் இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தார். தான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது போலிருந்தது.

காஜரி இனிப்புத் தட்டைத் தரையில் வைத்தாள்.

"இருமாதே ஜினுக். இனிமே யாருக்காகவும் இருமாதே." நந்தலால் பாபுவின் பக்கம் திரும்பினாள். "எழுதிக்குங்க. குழந்தைக்கு இருமல் இல்ல. ஏன் இல்லேன்னா பூசணம் இல்ல. அது சாயம். கோர்ட் அவமதிப்புன்னா என் பேரை எழுதுங்க, காஜரி சமாத்தார். நான்தான் தொடைச்சேன்."

"பொய்" என்றாள் சுரபி. "இந்தச் சுவரைத் தொடைச்சது நான். இவ தொடைச்சது எங்க சுவரை. என் பேரையும் எழுதுங்க."

"எங்க சுவரா?" என்றார் கேதார்.

"உங்க சுவர்லயும் சாயமா கேதார்தா?" என்றார் ஷிப்நாத், உட்கார்ந்த இடத்திலிருந்தே. கேதார் கூரையைப் பார்த்தார். வக்கீல்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நந்தலால் பாபு கையைக் காட்டி அவர்களை அடக்கிவிட்டு எழுத ஆரம்பித்தார். இரண்டு பக்கம் எழுதினார். பேனா மூடியைத் திருகிவிட்டு, பிறகு மறுபடி திறந்தார்.

"ஏம்மா, எதால தொடைச்சீங்க?"

"சோப்புத் தண்ணி. அப்புறம் ப்ளீச்சிங்."

அதை அவர் அறிக்கையில் எழுதவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்புறத்தில் எழுதி, மப்ளரைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்.

மாசியில் உத்தரவின் நகல் வந்தது. உள்ளே தள்ளப்போகிறார்கள் என்று ஷிப்நாத் ஒரு பையில் துணிமணிகளும் ஹோமியோபதி உருண்டைகளும் எடுத்து வைத்திருந்தார். மாடிப்படி ஓரத்தில் நின்றபடி சத்தமாக வாசித்தார். கேதாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். பெண்கள் இருவரையும் கடுமையாக எச்சரித்திருந்தார் நீதிபதி. சாயம் அடித்த தரப்புகளை அதைவிடக் கடுமையாக எச்சரித்திருந்தார். பிறகு கமிஷனர் அறிக்கையின் ஏழாவது இனத்தை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தார்.

"அறையில் ஒரு பெண் குழந்தை, இருமல் இல்லை. சுவரின் பழைய நிலையை இனி யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால், வழக்கு முடியும்வரை இந்த நிலையே உள்ள நிலை. இரு தரப்பும் இதை உள்ளபடியே காப்பாற்ற வேண்டும். இதில் எந்த மாற்றமும் ஏற்பட விடக் கூடாது."

வாசித்து முடித்த ஷிப்நாத், கடைசி வரியை இன்னொரு தடவை தனக்குள் வாசித்தார். தாளில் வந்துவிட்டதல்லவா, இனி அது உலகத்திலும் இருக்கும்.

மறுநாளே கொத்தனார் வந்தார். குழாயை உடைத்து எடுத்து வெளிப்பக்கமாகப் புதுக் குழாய் இறக்கினார்கள். சுவர் உச்சியில் காற்றுத் துவாரமும் வந்தது, ஏழாவது இனத்தைக் காப்பதற்காக. அதன் பலகைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் சண்டை வந்து, அது இப்போது தனி வழக்காக நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கேதார் இப்போதும் வருகிறார். நாடா கொண்டு வருவதில்லை. டீயை முடித்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் ஜினுக் மூச்சு விடுவதைக் கேட்பார். பிறகு "மாற்றம் இல்லை" என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஷிப்நாத்தும் போடுவார். போன வாரம் ஜினுக் வாய் நிறையப் பொரியோடு சிரித்ததில் புரையேறி ஒரு தடவை இருமிவிட்டாள். இரண்டு பேரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"பொரிதான்" என்றாள் காஜரி, முதுகைத் தட்டிக்கொண்டே.

"பொரின்னே எழுதிடு ஷிபு" என்றார் கேதார். ஷிப்நாத் எழுதினார், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.